தள்ளுவதற்கு முன் ஒரு வசனம்

போன மாதம் சுகந்தி தொலைபேசி எடுத்தாள். அண்மையில் நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் முன்பள்ளியைப் பொறுப்பெடுத்த பிள்ளை அவள். தொலைபேசி அடித்தாலே எனக்குப் பயம்தான். முன்பள்ளியிலிருந்து என்றால் சொல்லத் தேவையில்லை. ஆர் விழுந்தது, எங்கே அடிபட்டது என்றுதான் முதலில் கேட்டேன்.

"ஒருத்தரும் விழேல்லை ரீச்சர். நீங்கள் முதல் கதிரையில இருங்கோ."

"இருக்கிறன். சொல்லு."

"புதுப் பெட்டி ஒண்டு தந்திருக்கினம். விசையும் அசைவும் படிப்பிக்கிற பெட்டி. சறுக்குப் பலகை, சின்னக் கார், பந்து எல்லாம் பிளாஸ்ரிக்கில. வடிவாய் விரிச்சு வைச்சிட்டு, தள்ளிப் பாருங்கோ எண்டன். ஒரு பிள்ளையும் கிட்ட வரேல்லை. 'இது ஆற்ற வீட்டுச் சாமான், ஆர் தந்தது?' எண்டு கேட்டுக்கொண்டு நிக்குதுகள். என்ன பழக்கி வைச்சிருக்கிறியள் நீங்கள்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்சம் கண்ணும் கலங்கியது. தொலைபேசியில் விளக்கத் தொடங்கினேன், நீண்டுகொண்டே போனது. "இதை எழுதித் தாங்கோ ரீச்சர், மற்ற முன்பள்ளி ரீச்சர்மாருக்கும் குடுக்கலாம்" என்றாள் அவள். எழுத்துப் பிழை வந்தால் திருத்திக்கொள்வாளா என்று மூன்று தடவை கேட்ட பிறகுதான் ஒத்துக்கொண்டேன்.

எழுதப் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்திலிருந்து குளத்தின் கீழே வயற்காணி கிடைத்து வன்னிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா நோயில் விழுந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. நாற்று நடுகிற காலம். ஒரு போகத்துக்கு மட்டும் பள்ளிக்கூடம் போகாமல் நில் என்றார் அப்பா. போகம் முடிந்தது, பள்ளிக்கூடமும் முடிந்தது. பாட்டுப் பாடுவேன் என்பதால் பக்கத்து முன்பள்ளியில் கூட்டவும் கஞ்சி காய்ச்சவும் கூப்பிட்டார்கள். ரீச்சர் வராத நாட்களில் நானே பிள்ளைகளை வைத்திருந்தேன். பிறகு நானே ரீச்சராகிவிட்டேன். பயிற்சிகளெல்லாம் பின்னால் வந்தவை. போரில் இடம்பெயர்ந்து திரிந்த ஆண்டுகளைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். போன இடமெல்லாம் மரத்தின் கீழே பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

துணுக்காய்ப் பக்கம் மீளக் குடியேறியபோது தகரக் கொட்டில் ஒன்றில் முன்பள்ளி தொடங்கியது. அந்த நாட்களில் நான் படிப்பித்த முதல் பாடம் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. 'தொடாதே' என்பதுதான். வயல் ஓரத்திலும் பற்றைகளிலும் கண்ணிவெடி கவனம் என்று மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் நின்றன. தெரியாத சாமான் கிடந்தால் கையைப் பின்னால் கட்டு, வந்த வழியே திரும்பு, பெரியாக்களிடம் சொல்லு. இதற்கு நானே ஒரு பாட்டுக் கட்டினேன்; பிள்ளைகள் எல்லாரும் கையைப் பின்னால் கட்டியபடி பாடுவார்கள். அந்தப் பாடத்தில் நான் கெட்டிக்காரி. பயப்படுவதற்கு எனக்கு ஒருவரும் பயிற்சி தரத் தேவையில்லையே.

அப்படி இருந்த இடத்துக்குத்தான் சறோஜா மிஸ் வந்தா. எங்கள் பகுதி முன்பள்ளிகளுக்குப் பொறுப்பானவ. மோட்டார்சைக்கிளில் வருவா. தலைக்கவசத்தைக் கழற்றி வாசல் படலைக் கட்டையில் கொழுவிவிட்டு, பெரிய கதிரையை நான் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் முழங்கால் இரண்டும் நாடிக்கு வர உட்கார்ந்துவிடுவா. பதிவுப் புத்தகத்தைக் கடைசியில்தான் கேட்பா. இது பிழை, அது சரி என்று அவ சொல்லி நான் கேட்டதில்லை. நாங்கள் எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "பிறகு?" என்பா. அதற்குப் பிறகு வாய் திறக்கமாட்டா. அந்தப் பேசாத நேரத்தில் எனக்கு வேர்த்துக் கொட்டும். பிள்ளைகளிடமும் அதே "பிறகு?"தான். பிள்ளைகளுக்கு வேர்ப்பதில்லை, அவர்கள் கதைத்துக்கொண்டே போவார்கள்.

ஒரு தடவை, விசையும் அசைவும் பற்றிய பயிற்சி தந்தா. தள்ளினால் என்ன நடக்கும், இழுத்தால் என்ன நடக்கும், எது உருளும், எது வழுக்கும், எது அசையாமல் நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதல்ல, செய்து பார்க்க விடுவது. எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. அடுத்த நாளே வகுப்பு முடிகிற நேரத்தில் உற்சாகத்தோடு சொன்னேன்: "நாளைக்கு எல்லாரும் உருளுற சாமான் ஒண்டு தேடிக்கொண்டு வாங்கோ!"

பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு கலைந்தார்கள். கஜன் என்கிற துடியாட்டக்காரனின் தாய் படலையில் நின்று, "எங்க போய்த் தேடுறது ரீச்சர், வளவுக்குள்ளயோ வாய்க்கால் பக்கமோ?" என்று கேட்டா.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. வேறு ஊரில் ஒரு ரீச்சர் இப்படிச் சொன்னால் ஒன்றுமில்லை. எங்கள் மண்ணில், பிள்ளைகளைப் பார்த்து, உருண்டையான சாமான் தேடு என்று சொல்லிவிட்டு நிற்கிறேன்!

சைக்கிளை எடுத்தேன். செருப்புப் போட்டேனா என்பது நினைவில்லை. வீடு வீடாகப் போய், "வெளியில தேட வேண்டாம், வீட்டுக்குள்ள இருக்கிறது மட்டும், அம்மா எடுத்துத் தாறது மட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். ஒரு வீட்டில் பிள்ளை புட்டுக்குழலை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கஜன் தாத்தாவின் வெற்றிலை உரலைத் தூக்கி ஒளித்து வைத்திருந்தான். தாத்தா வளவெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். இன்னொரு வீட்டில் குழந்தைப் பிள்ளையையே காட்டி, "இவனும் உருளுவான் ரீச்சர், கொண்டு வரட்டோ?" என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன்.

கடைசி வீடு நிலானியின் வீடு. அங்கேதான் நான் நின்றுபோனேன்.

நிலானிக்கு ஐந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தகப்பன் யோகன், மீளக் குடியேறிய புதிதில் சொந்த வளவைத் துப்புரவாக்கும்போது பற்றைக்குள் கிடந்த தகரம் ஒன்றை மண்வெட்டியால் புரட்டினவர். அது வெடித்து இரண்டு காலும் போய்விட்டது. பிள்ளை அப்போது வாசலில் நின்றிருக்கிறது. யோகன் கையால் சுற்றி ஓடுகிற மூன்று சில்லுச் சைக்கிள் ஒன்றில் வீட்டோடு இருந்தார். முன்பள்ளிக்கு வந்தால் நிலானி இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிடுவாள். பென்சில் கொடுத்தால் பார்ப்பாள், தொடமாட்டாள். அடுத்த தை மாதம் முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டிய பிள்ளை. அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் இந்தக் கைகளை யார் கவனிக்கப் போகிறார்கள்? எனக்கு அந்த ஆண்டு முழுவதும் இந்த ஒரே யோசனைதான்.

அன்று வசந்தி, நிலானியின் தாய், படலையைத் திறக்கவே இல்லை. உள்ளே பிள்ளை விம்முகிற சத்தம் கேட்டது.

"தேடிக்கொண்டு வரச் சொன்னியளாம். வந்த நேரம் துடக்கம் அழுகிறாள்."

"அதைத்தான் சொல்ல வந்தனான் வசந்தி. வெளியில தேட வேண்டாம்."

"ரீச்சர், என்ர பிள்ளை ஒண்டையும் தொடாது. அது எனக்கு நிம்மதி. நீங்கள் தொடப் பழக்கினால் நாளைக்கு வெளியிலயும் தொடுவாள். அப்பிடி ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது? நீங்களோ?"

என் மனதில் இருந்த பயத்தைத்தான் அவள் வாய்விட்டுச் சொன்னாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை சறோஜா மிஸ் வந்தபோது, தள்ளுகிற பாடம் எங்கள் ஊருக்குச் சரிவராது என்று சொல்ல முடிவெடுத்திருந்தேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு குட்டிக் கதிரைகளில் எதிரெதிரே இருந்தோம்.

"மிஸ், இதை விடுவம். பாட்டோட நிப்பாட்டுவம்."

"பிறகு?"

"பிறகு... பிள்ளையள் தொடாமல் இருக்குங்கள். பாதுகாப்பு."

"பிறகு?"

"பெரிய பள்ளிக்கூடம் போங்கள்."

"பிறகு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் ஓர் அதிகாரியோடு கோபிப்பதாவது! ஆனால் வந்துவிட்டது. "பிறகு என்ன மிஸ்? வளர்ந்து வயலுக்குப் போங்கள், அங்க ஒருநாள் தொடத்தானே வேணும்! எது தெரிஞ்ச சாமான், எது தெரியாத சாமான் எண்டு அப்ப ஆர் சொல்லிக் குடுக்கிறது?"

சொன்ன பிறகு நானே வாயை மூடிக்கொண்டேன். வெளியே சோளகக் காற்றில் தகரம் ஒன்று அடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கும் விடை தெரியாது லோகா" என்றா கடைசியில். "நானும் இந்த மண்ணிலதானே மோட்டார்சைக்கிள் ஓடுறன். தெரிஞ்சது, தெரியாதது எண்டு சொன்னீங்கள். அதிலயிருந்து பிடிச்சுக்கொண்டு போவம்."

அன்று இருட்டுப்படும் முன் இருவருமாகச் சேர்ந்து ஓர் ஒழுங்குமுறையை உண்டாக்கினோம். அதைத்தான் சுகந்தி இப்போது கேட்கிறாள். ஆகவே விபரமாக எழுதுகிறேன்.

கொட்டிலின் நடுவில், உடுப்புத் தோய்க்கிற அகலமான நீலப் பேசின் ஒன்று. தள்ளவும் உருட்டவும் எடுக்கிற சாமான் எல்லாம் அதற்குள் இருந்துதான் வர வேண்டும். பேசினுக்குள் ஒரு சாமான் போக வேண்டுமென்றால், கொண்டு வந்த பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு எழும்பி நின்று சொல்ல வேண்டும்: "இது எங்கட வீட்டுத் தகரப் பேணி. அம்மாவுக்குத் தெரியும்." சிரட்டை, நூல்கட்டை, போத்தல் மூடி, கறிக்குப் பிழிகிற தேசிக்காய், எதுவென்றாலும் அதே வசனம். வசனம் சொல்ல முடியாத சாமான் என்றால் எல்லாரும் கையைப் பின்னால் கட்டவேண்டும். மாதத்தில் ஒருநாள் நானே ஊர் பேர் தெரியாத சாமான் ஒன்றைப் பேசினுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். பழைய பூட்டு, உடைந்த குடைப்பிடி. "இது ஆற்ற வீட்டுச் சாமான்?" என்று கேட்டு, பதில் இல்லையென்றால் பின்வாங்கி வந்து என்னிடம் சொல்வார்கள். ஒரு பிள்ளைகூடத் தவறியதில்லை.

பிறகுதான் பலகை. இரண்டு செங்கல்லில் ஒரு பக்கம் ஏற்றி வைப்பது. விடுவதற்கு முன் ஊகிக்க வேண்டும். உருளும் என்பவர்கள் சுவர்ப் பக்கம், வழுக்கும் என்பவர்கள் படலைப் பக்கம், நிற்கும் என்பவர்கள் நடுவில். ஊகம் பிழைத்தால் சிரிக்கக்கூடாது என்று நான் சட்டம் போட்டேன். முதலில் சிரிப்பது நானாகத்தான் இருக்கும். தேசிக்காய் நேராக ஓடாது, வளைந்து போய்க் கதிரைக் காலில் முட்டும். சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் அசையாது. பக்கவாட்டில் வைத்தால் வட்டமடிக்கும். பலகை முடிகிற இடத்தில் ஒருநாள் வெறும் சீமெந்து, ஒருநாள் சாக்கு, ஒருநாள் மணல் பரப்புவோம். சீமெந்தில் சுவர் வரைக்கும் ஓடுகிற பேணி சாக்கில் களைத்துப்போகும், மணலில் விழுந்தவுடனே நின்றுவிடும். "மணல் அதின்ர காலைப் பிடிக்குது ரீச்சர்" என்று கஜன் சொன்னான். அந்த வசனத்தை என்னால் கூட அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

நிலானி எல்லாவற்றையும் கைகளின் மேல் இருந்தபடி பார்த்தாள். ஒன்றும் கொண்டு வரவில்லை, ஊகிக்க எழும்பவும் இல்லை. வசந்தி காலையில் கொண்டுவந்து விடும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

ஒருநாள் பால்மாப் பேணி ஒன்றுக்குள் பாதிக்கு மணல் போட்டு மூடி, பலகையின் உச்சியில் வைத்தேன். எல்லாரும் சுவர்ப் பக்கம் ஓடி நின்றார்கள். பேணியாயிற்றே, உருளும். கையை விட்டேன். பேணி கொஞ்சம் அசைந்தது. நின்றது. அப்படியே பலகையின் நடுவில், சரிவில், நித்திரை போல நின்றது.

"ரீச்சர், பேணி செத்துப்போச்சு!" என்றான் கஜன்.

"சாகேல்லை, அது கள்ளம் பண்ணுது. கத்துவம், எழும்பும்" என்றாள் இன்னொருத்தி. எல்லாருமாகக் கத்தினார்கள். பேணி எழும்பவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல்: "உள்ளுக்குள்ள ஆரோ பிடிச்சுக்கொண்டு இருக்கினம்."

நிலானி. அவள் குரலை வகுப்பில் நாங்கள் கேட்டதே குறைவு. நான் திரும்பினால் நிறுத்திவிடுவாளோ என்று திரும்பாமலே, சறோஜா மிஸ்ஸைப் போல, "பிறகு?" என்றேன்.

"திறந்தால் விட்டுடுவினம்."

மூடியைத் திறந்து மணலைக் கொட்டினேன். வெறும் பேணியை வைத்தேன். கடகடவென்று ஓடிச் சுவரில் மோதியது. நிலானி சிரித்தாள். கை மட்டும் அப்படியே தொடைக்குக் கீழே இருந்தது.

தவணை முடிவில் பெற்றார் வந்து பார்க்கும் நாள் வைத்தோம். மிஸ்ஸையும் கூப்பிட்டிருந்தேன்; அவ வழமைபோலக் குட்டிக் கதிரையில். நிலானியின் வீட்டிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் வசந்தி வந்தாள், கொஞ்சம் பின்னால் யோகனும் தன் மூன்று சில்லுச் சைக்கிளைக் கையால் சுற்றியபடி வந்தார். வீட்டை விட்டு அவர் வெளியே வந்து அன்றுதான் நான் கண்டேன். படலைக்கு வெளியே வேப்பமரத்தின் கீழ் நின்றுவிட்டார்.

"உள்ளுக்கு வாங்கோ தம்பி."

"வேண்டாம் ரீச்சர், நான் இதிலயே நிண்டு பாக்கிறன். உங்கட முற்றம் எல்லாம் மணல். சில்லுப் புதையும்."

அவ்வளவுதான். 'மணல்' என்று காதில் விழுந்ததும் என் பிள்ளைகள் வகுப்பை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். "மணல் காலைப் பிடிக்கும், பலகை போடுங்கோ!" "சாக்கும் போடு, சாக்கும் போடு!" பலகையை இழுத்தார்கள், சாக்குகளை விரித்தார்கள், படலையிலிருந்து கொட்டில் வரைக்கும் கோணல்மாணலாக ஒரு பாதை. சறுக்கும், கவிழும், பிள்ளைகளின் காலில் ஏறும் என்று நான் ஒவ்வொரு சாக்கின் பின்னாலும் ஓடினேன். பாதை போட்ட பிறகு யோகனுக்கு மறுப்புச் சொல்ல இடமில்லை. பிள்ளைகள் வேப்பமரத்தடிக்கு ஓடி, "இது எங்கட நிலானி வீட்டுச் சைக்கிள், அம்மாவுக்குத் தெரியும்!" என்று ஒரே குரலில் கத்திவிட்டுப் பின்னாலிருந்து தள்ளினார்கள்.

சைக்கிள் அசையவில்லை.

இன்னும் தள்ளினார்கள். கஜனின் முகம் சிவந்துவிட்டது. அவன் தாயும் ஒரு கை கொடுத்தா. அசையவில்லை. யோகன் முன்னால் பார்த்தபடி, "பாரமாய்க் கிடக்கும் பிள்ளையள், விடுங்கோ, விடுங்கோ" என்றார்.

நிலானி கொட்டில் படியில் இருந்தாள். எழும்பினாள். சாக்குப் பாதையில் மெதுவாக நடந்து வந்து, சில்லுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். பிறகு தகப்பனின் இடது கையைப் பார்த்தாள். அந்தக் கை பிறேக்கை இறுக்கிப் பிடித்திருந்தது.

"அப்பா பிடிச்சுக்கொண்டு இருக்கிறார்" என்றாள் எல்லாருக்கும்.

பிறகு கஜனின் தாய், "அட, பிடிபட்டிட்டியே யோகன்!" என்று சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். யோகனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். இத்தனை பேர் முன்னால் தள்ளப்பட்டு வருவது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அப்போதுதான் யோசித்தேன். போதும், அவரை அவர் பாட்டில் விடுவோம் என்று வாயெடுத்தேன்.

அதற்குள் நிலானி சைக்கிளின் பின்னால் போய்விட்டாள். நேராக நின்றாள். மற்றப் பிள்ளைகள் பேசினுக்கு முன்னால் நிற்பதுபோல.

"இது எங்கட வீட்டுச் சைக்கிள்" என்றாள். அடுத்த பாதியைச் சொல்லுவதற்கு முன் திரும்பி வசந்தியைப் பார்த்தாள்.

வசந்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தலையை ஆட்டினாள்.

"அம்மாவுக்குத் தெரியும்."

இரண்டு கையையும் தூக்கி சைக்கிளின் முதுகில் வைத்தாள். யோகன் பிறேக்கை விட்டார்.

மற்றப் பிள்ளைகளும் கூடவே தள்ளினார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாதை கொட்டிலை நோக்கிக் கொஞ்சம் சரிவு என்பது எங்கள் ஒருவருக்கும் நினைவில் இல்லை. சைக்கிள் கொட்டில் படியில் சாத்தியிருந்த பலகையில் ஏறிய வேகத்தில் நேரே உள்ளே போய், நீலப் பேசினில் மோத, பேணியும் மூடியும் தேசிக்காயும் நாலு பக்கமும் உருண்டன. நான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு ஐயோ என்று கத்தியபடி ஓடினேன். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. யோகன் தேசிக்காய்களுக்கு நடுவில் இருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சறோஜா மிஸ் குட்டிக் கதிரையிலிருந்து அசையவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து நிலானியைப் பார்த்து, "பிறகு?" என்றா.

நிலானி தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். சைக்கிளின் துரு இரண்டிலும் ஒட்டியிருந்தது.

"இன்னொருக்கா" என்றாள்.